சிறுத்தைப் பல்லி: வளர்ப்பும் இனவிருத்தியும்

வடமேற்கு இந்தியாவின் வறண்ட குன்றுப் பகுதிகளில் மாலை மயங்கி இருள் சூழ்ந்தபின், கல் இடுக்குகளிலிருந்து ஒரு வகைப் பல்லி மெல்ல வெளிவரக் காணலாம். மஞ்சள் நிற உடலில் கரும்புள்ளிகளும், தடித்த வாலும், நிதானமான நடையும் உடையது அது. அதைக் கண்ட கிராமவாசி பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரு கழியைத்தான். வட இந்தியாவில் ‘பிஸ்கோப்ரா’ என்னும் பெயர் சில பல்லிகளுக்கும் உடும்புக் குஞ்சுகளுக்கும் பொதுவாக வழங்குகிறது. இவை கடித்தால் மனிதன் பிழைப்பது அரிது என்ற நம்பிக்கை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. சிறுத்தைப் பல்லிக்கு விஷப் பல்லும் இல்லை, விஷமும் இல்லை.

இங்கே இவ்வாறு அடித்துக் கொல்லப்படும் இப்பிராணி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இல்லந்தோறும் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கப்படும் பல்லிகளுள் முதன்மையானதாக விளங்குகிறது. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்து, பற்பல நிற வகைகளாகவும் அது பிரிந்துவிட்டது. அண்மைக் காலத்தில் நம் நாட்டு நகரங்களிலும் செல்லப் பிராணிகளை விரும்புவோரிடையே ‘லெப்பர்ட் கெக்கோ’ என்ற பெயரில் இது அறிமுகமாகி வருகிறது. இதனைப் பற்றிக் கள ஊழியர்களிடமும் ஆசிரியர்களிடமும் பொதுமக்கள் கேள்வி கேட்பது இயல்பு. அவற்றிற்கு விடை கூறத் தேவையான செய்திகளைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் தாயகமும்

இப்பல்லியை 1854ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகிற்கு முதன்முதலாக விவரித்தவர் எட்வர்டு பிளைத் ஆவார். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் பொருட்காட்சிச் சாலைக்கு அவர் காப்பாளராக இருந்தார். அவர் ஆராய்ந்த மாதிரி பஞ்சாபின் உப்பு மலைத் தொடரிலிருந்து கிடைத்தது. அப்பகுதி இப்பொழுது பாகிஸ்தானில் உள்ளது. இதன் இன்றைய விஞ்ஞானப் பெயர் யூபிளெஃபாரிஸ் மாகுலாரியஸ் என்பது. முதற்சொல் நல்ல கண்ணிமையையும், இரண்டாம் சொல் புள்ளிகளையும் சுட்டுகின்றன. ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இராஜஸ்தான் உள்ளிட்ட வடமேற்கு இந்தியப் பகுதிகள் ஆகியவை இதன் தாயகமாகும்.

இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு நான்கு இனங்களும் இந்தியாவில் வாழ்கின்றன. கிழக்கிந்தியாவில் ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய பகுதிகளில் ஓர் இனமும், மேற்கே குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மற்றோர் இனமும் காணப்படுகின்றன. சாத்பூரா மலைத் தொடருக்குரிய இனம் 2014ஆம் ஆண்டிலும், ஆந்திரப் பிரதேசத்திலும் ஒடிசாவிலும் வாழும் இனம் 2022ஆம் ஆண்டிலும் தனி இனங்களென விவரிக்கப்பட்டன. நம் காட்டுப் பல்லிகளைப் பற்றிய அறிவு இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை இவ்விரு ஆண்டுகளே உணர்த்தும்.

உடலமைப்பு

வளர்ந்த சிறுத்தைப் பல்லி மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 20 முதல் 25 செ.மீ. நீளம் இருக்கும். வீட்டுச் சுவரில் நாம் காணும் பல்லிக்கும் இதற்கும் இரண்டு முக்கிய வேறுபாடுகள் உண்டு. சுவர்ப் பல்லிக்கு அசையும் இமைகள் இல்லை. அதன் கண்ணை ஒளி ஊடுருவும் தகடு ஒன்று மூடியிருக்க, அத்தகட்டை அது நாவால் துடைத்துக்கொள்கிறது. சிறுத்தைப் பல்லியோ கண்ணை மூடித் திறக்க வல்லது; உறங்கும்போது இமைகளை மூடிக்கொள்ளும். இரண்டாவதாக, சுவர்ப் பல்லியின் விரல்களின் அடியில் ஒட்டும் தகடுகள் உள்ளன. சிறுத்தைப் பல்லிக்கு அவை இல்லை. நகங்கள் மட்டுமே உண்டு. ஆகவே அதனால் கண்ணாடியிலோ செங்குத்தான சுவரிலோ ஏற முடியாது.

குஞ்சுகளின் உடலில் புள்ளிகள் இரா. கருமையும் மஞ்சளுமான அகன்ற பட்டைகளே இருக்கும். வளர வளரப் பட்டைகள் சிதைந்து புள்ளிகளாகின்றன. இவ்வேறுபாட்டை அறியாதவர்கள் குஞ்சையும் தாயையும் வெவ்வேறு பிராணிகளாகக் கருதுவதுண்டு.

வால் இதன் களஞ்சியம் எனலாம். உணவு மிகுதியாகக் கிடைக்குங்கால் கொழுப்பை வாலில் சேமித்து, பஞ்ச காலத்தில் அதைக் கொண்டு உயிர் வாழ்கிறது. பகைவர் பற்றினால் வாலைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். பின்னர் முளைக்கும் வாலில் முள்ளெலும்புகள் இருப்பதில்லை. அவற்றிற்குப் பதிலாகக் குருத்தெலும்புக் குழல் ஒன்றே அமைகிறது. ஆயினும், அறுந்த இடம் தழும்பின்றி ஆறுவதும், தண்டுவடம் மீண்டும் வளர்வதும் மருத்துவ ஆராய்ச்சியாளரின் கவனத்தைக் கவர்ந்துள்ளன. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இது குறித்து ஆராய்ச்சிகள் நடைபெற்றுள்ளன.

இருப்பிடம்

கூண்டில் வளர்க்கப்படும் பல்லி 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடும். ஒரு குழந்தை பள்ளியில் சேரும்போது வாங்கிய பல்லி, அக்குழந்தை கல்லூரியை விட்டு வெளிவரும்போதும் உயிரோடிருக்கலாம். இதனை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு பல்லிக்கு சுமார் 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள கண்ணாடிப் பெட்டி ஏற்றது. ஊர்வன தம் உடல் உஷ்ணத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. இடம் மாறி அமர்வதன் மூலமே அதைச் சீர்ப்படுத்திக்கொள்கின்றன. ஆகவே பெட்டி முழுவதும் ஒரே உஷ்ணம் இருத்தல் கூடாது. ஒரு முனையில் தரையின் உஷ்ணம் 31 அல்லது 32 டிகிரி சென்டிகிரேடும், மறு முனையில் 24 முதல் 26 டிகிரியும் இருக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மின் வெப்பத் தகடு வைப்பது வழக்கம். உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின்றி அதனைப் பயன்படுத்தினால் வயிற்றுப்புறம் வெந்து புண்ணாகும். நம் நாட்டின் பல பகுதிகளில் கோடையில் தேவைப்படுவது குளிர்ச்சியே. அறை உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பெட்டியைத் தரையோடு ஒட்டிய நிழலான இடத்திற்கு மாற்றுதல் நலம்.

பல்லி ஒளிந்துகொள்ள மூன்று இடங்கள் அமைக்க வேண்டும்: வெப்பமான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று, ஈரப்பாசி இட்ட சிறு பெட்டி ஒன்று. இம்மூன்றாவது மிக இன்றியமையாதது. தோல் உரிக்கும் காலத்தில் ஈரம் போதாவிடின், பழைய தோல் விரல்களைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும், விரல்கள் உதிர்ந்துபோகும். நன்கு உரித்த தோலைப் பல்லி தானே தின்றுவிடுவதால், தோல் கிடைக்கவில்லையே என்று கவலையுற வேண்டியதில்லை.

தரைக்கு மென்மணல் மட்டும் இடுவது தவறு. பாலைவனப் பிராணி என்று எண்ணிப் பலர் இவ்வாறு செய்கின்றனர். இதன் இயற்கையான நிலம் இறுகிய களிமண்ணும் சரளையும் கலந்ததாகும். தளர்ந்த மணலை இரையோடு விழுங்கினால் குடல் அடைபடக்கூடும். காகிதம் அல்லது வழவழப்பான ஓடு, குறிப்பாகக் குஞ்சுகளுக்கு, பாதுகாப்பானது.

உணவு

இப்பல்லி உயிருள்ள பூச்சிகளையே உண்ணும். சுவர்க்கோழி, மாவுப்புழு, வளர்ப்புக் கரப்பான் ஆகியவை ஏற்ற இரைகள். பூச்சியின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறுதல் கூடாது. குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றிற்கு இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒரு முறையும் உணவளித்தால் போதும். பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட வயலிலோ வீட்டிலோ பிடித்த பூச்சிகளை இடக் கூடாது. மின்மினிகளை எக்காரணத்தைக் கொண்டும் இடலாகாது; அவற்றின் உடலிலுள்ள நச்சுப் பொருள் பல்லிகளைக் கொன்றுவிடும்.

கூண்டுப் பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அச்சத்தும், அதனை உடலில் சேர்க்கும் டி3 வைட்டமினும் போதாதபோது எலும்புகள் மென்மையாகி வளைகின்றன. தாடை தளர்ந்து இரையைப் பற்ற இயலாமற் போகிறது. எனவே பூச்சிகளுக்கு முதல் நாளே நல்ல உணவளித்து, இடுமுன் அவற்றின்மீது சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவுதல் வேண்டும். சிறு கிண்ணத்தில் தூய நீர் எப்பொழுதும் இருக்கட்டும்.

வால் மெலிந்துகொண்டே வருவது ஆபத்தின் அறிகுறி. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியால் விளையும் நோயில் பல்லி உண்டாலும் இளைக்கிறது. வால் குச்சியைப் போலாகிறது. இதற்கு நம்பத்தக்க சிகிச்சை இல்லை. புதிதாக வந்த பல்லியை மூன்று மாத காலம் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றவை உள்ள அறையில் சேர்க்க வேண்டும். மேலும், நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சால்மொனெல்லா கிருமியைத் தாங்கியிருக்கலாம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதலும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளை எட்ட வைத்தலும் விதியாகக் கொள்ளத்தக்கவை.

இனவிருத்தி

ஆண் பல்லியின் பின்தொடைகளுக்கு இடையே V வடிவில் ஒரு வரிசை நுண்துளைகள் தெளிவாகத் தெரியும். வாலின் அடியில் இரு புடைப்புகளும் இருக்கும். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் காயம்படும் வரை போரிடும். பெண் பல்லி சுமார் ஓராண்டு நிரம்பி, 45 கிராம் எடையேனும் எய்திய பின்னரே இணை சேர்க்க வேண்டும். அதற்கு முன் முட்டையிட நேரின், அதன் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தே முட்டைக்குச் செலவாகிவிடும்.

இணை சேர்ந்து மூன்று, நான்கு வாரங்களில் பெண் பல்லி ஈரமான மண்ணைத் தோண்டி இரண்டு முட்டைகளை இட்டு மூடுகிறது. ஒரே பருவத்தில் பல ஈடுகள் இடுவதுண்டு. சுவர்ப் பல்லியின் முட்டை கடின ஓடுடையது. சிறுத்தைப் பல்லியின் முட்டையோ தோல் போன்ற மெல்லிய உறையுடையது. அது சுற்றுப்புறத்து ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும். ஆதலால், முட்டைகளை எடுத்து, ஏறத்தாழ சம எடை நீர் கலந்த வெர்மிகுலைட்டுப் பொடியில் பாதி புதைத்து வைக்கின்றனர். எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே நிலையில் வைப்பது வழக்கம். உஷ்ணம் மிகுந்தால் ஆறு, ஏழு வாரங்களிலும், குறைந்தால் பத்து வாரங்கள் அல்லது அதற்கு மேலும் குஞ்சு வெளிவரும். சுமார் 3 கிராம் எடையுள்ள குஞ்சு, முதல் தோலை உரித்த பின்னரே இரை தேடத் தொடங்கும்.

உஷ்ணமும் பாலும்

மனிதரில் பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன. சிறுத்தைப் பல்லியில் அதைத் தீர்மானிப்பது முட்டை அடைகாக்கப்படும் உஷ்ணமே. 26 டிகிரியில் வைத்த முட்டைகளிலிருந்து ஏறக்குறைய எல்லாம் பெண்களாகவே பிறக்கின்றன. 32.5 டிகிரியில் சுமார் நான்கில் மூன்று பங்கு ஆண்கள். உஷ்ணம் 34 டிகிரிக்கு மேல் ஏறினாலோ, மீண்டும் ஏறக்குறைய எல்லாம் பெண்களே. இவ்வாறு இரு முனைகளிலும் பெண்களும் இடையில் ஆண்களும் தோன்றுவது பலருக்கு வியப்பளிக்கும்.

பாலோடு இதன் விளைவு நின்றுவிடுவதில்லை. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்னும் அறிஞரின் ஆராய்ச்சிக் குழுவினர் ஒரு செய்தியைக் கண்டறிந்தனர்: 32.5 டிகிரியில் பிறந்த பெண்கள், 26 டிகிரியில் பிறந்த பெண்களைவிட மூர்க்கமாக நடந்துகொள்கின்றன. முட்டைக்குள் சில வாரங்கள் அனுபவித்த வெப்பம், வாழ்நாள் முழுவதும் குணத்தில் நிலைத்து நிற்கிறது.

இது வளர்ப்போரின் வசதிக்காகச் சொல்லப்படும் செய்தி மட்டுமன்று. பூமியின் உஷ்ணம் ஏறிவரும் இக்காலத்தில், கல்லின் அடியில் இடப்படும் ஒரு முட்டைக்கு இரண்டு டிகிரி என்பது சிறிய அளவன்று. இத்தகைய பிராணிகளில் ஆண் பெண் விகிதம் எவ்வாறு மாறும் என்பது இயற்கை ஆர்வலர் அனைவரும் கவனிக்க வேண்டிய வினாவாகும்.

நிறத்திற்காகச் செய்யும் தேர்வு

கருநிறமற்ற வெளிறிய பல்லிகள் பின்னடங்கும் மரபுப் பண்பாகத் தோன்றுகின்றன. இவற்றில் டிரெம்பர், ரெயின்வாட்டர், பெல் எனப் பெயர் பெற்ற மூன்று வழிகள் உண்டு. ஒரே வழியைச் சேர்ந்த இரு வெளிறிய பல்லிகளை இணைத்தால் குஞ்சுகள் அனைத்தும் வெளிறியவையாகவே பிறக்கும். வெவ்வேறு வழிகளைச் சேர்ந்த இரண்டை இணைத்தாலோ, குஞ்சுகள் சாதாரண நிறத்துடன் பிறக்கின்றன. ஒரே தோற்றம் வெவ்வேறு ஜீன்களின் குறையால் ஏற்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை உயர்நிலை வகுப்பு ஆசிரியர் காண்பது அரிது.

ஆனால் அழகுக்காகச் செய்யும் தேர்வு துன்பத்தையும் கொணரலாம். ‘எனிக்மா’ என்னும் நிற வகையில் பல பல்லிகள் தலையைச் சாய்த்து வட்டமிட்டுச் சுற்றுகின்றன. இரையைக் குறி பார்த்துக் கவ்வ இயலாமல் தடுமாறுகின்றன. ‘லெமன் ஃப்ராஸ்ட்’ எனப்படும் ஒளிரும் மஞ்சள் வகையின் வரலாறு இன்னும் வருந்தத்தக்கது. இது ஒரே ஒரு பல்லியில் தோன்றிய மாறுதலிலிருந்து பெருகியது. நிறத்தின் கவர்ச்சியால் விரைவில் பரவியது. சில ஆண்டுகளில் அவற்றின் தோலில் கட்டிகள் தோன்றலாயின. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2021ஆம் ஆண்டில் இதன் காரணத்தை வெளியிட்டனர். ஸ்பிண்ட்1 என்னும் ஜீனோடு நிறமும் புற்றுக்கட்டியும் சேர்ந்தே பிணைந்துள்ளன. இவ்வகைப் பல்லிகளுள் 80 சதவிகிதத்திற்கு மேற்பட்டவற்றில் கட்டி தோன்றியது. நிறத்தை வைத்துக்கொண்டு நோயை நீக்குவதற்கு வழியில்லை என்பது இதனால் விளங்கும். பல வளர்ப்போர் இவ்வகையின் இனவிருத்தியைத் தாமாகவே நிறுத்தினர். ஒரு பிராணியை வளர்ப்பவர் அதன் கண்ணுக்கினிய தோற்றத்திற்கு மட்டுமல்லாமல் அதன் உடல் நலத்திற்கும் பொறுப்பாளியாகிறார்.

கள ஊழியர்களுக்குச் சில குறிப்புகள்

முதலாவது: கடியால் மனித உயிரைப் போக்கவல்ல பல்லி எதுவும் இந்தியாவில் இல்லை என்பதை மக்களிடம் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். ஆயினும் ‘பிஸ்கோப்ரா கடித்துவிட்டது’ என்று ஒருவரைக் கொண்டுவந்தால், ‘பல்லிதானே’ என்று திருப்பி அனுப்புவது பெருந்தவறு. சுருட்டை விரியனும் கட்டு விரியனும் அதே நிலத்தில், அதே இருளில் நடமாடுகின்றன. கட்டு விரியனின் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றாது. கடித்ததைக் கண்ணால் தெளிவாகக் கண்டாலன்றி, அதனைப் பாம்புக் கடியாகவே கருதி உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூடநம்பிக்கையை அகற்றுகையில் ஓர் உயிரை இழந்துவிடலாகாது.

இரண்டாவது: காட்டிலிருந்து இப்பல்லியையோ வேறு எந்தப் பல்லியையோ பிடித்து வளர்ப்பதை ஊக்குவிக்கலாகாது. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, அதன் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டுள்ளன. ஐயம் எழுமிடத்து மாவட்ட வன அதிகாரியைக் கலந்துகொள்ள வேண்டும். வளர்க்க விரும்புவோர், கூண்டில் பிறந்ததற்குரிய சான்றைக் கேட்டுப் பெறட்டும். காட்டில் பிடித்த பிராணி ஒட்டுண்ணிகளோடு வருகிறது. கூண்டுக்குப் பழகாமல் பெரும்பாலும் மடிகிறது.

மூன்றாவது: வளர்த்துச் சலித்த பல்லியைக் காட்டில் விட்டுவிடுவது கருணையாகாது. கூண்டு நோய்கள் காட்டு இனத்திற்குப் பரவவும், செயற்கை வகைகளின் மரபு அதனோடு கலக்கவும் அது வழி செய்யும்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தைக் கற்பிக்கச் சிறுத்தைப் பல்லியை வகுப்பிற்குக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. சாளரக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரவில் வந்து அமரும் சுவர்ப் பல்லியை உட்புறமிருந்து பார்த்தால் விரல்களின் ஒட்டும் தகடுகள் நன்கு தெரியும். அவற்றை மாணவர்கள் வரையட்டும். அது நாவால் கண்ணைத் துடைப்பதை எத்தனை முறை கண்டனர் என்று குறித்து வைக்கட்டும். அலமாரியின் பின்புறத்திலோ கதவு இடுக்கிலோ இரட்டையாக ஒட்டியிருக்கும் முட்டைகளைக் கண்டால் அவற்றை எடுக்காமல், கண்ட நாளையும் குஞ்சு வெளிவந்த நாளையும், நாள்தோறும் அறையின் உஷ்ணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். இரண்டு மூன்று ஆண்டுகளின் குறிப்புகள் சேர்ந்தால், உஷ்ணத்திற்கும் அடைகாலத்திற்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் தாமே ஆராய்ந்தறிவர்.

இவ்வாறு பார்த்துப் பழகிய மாணவன், நாளை ஏதேனும் ஒரு குன்றோரத்தில் புள்ளிகள் நிறைந்த பல்லியைக் காண நேர்ந்தால், கழியைத் தேடமாட்டான். சற்று விலகி நின்று, அது இமைகளை மூடித் திறக்கிறதா என்று கவனிப்பான். அந்த ஒரு கணத்தின் தயக்கத்தால் அப்பல்லி உயிர் பிழைத்துத் தன் கல்லிடுக்கை அடையும்.